ரப்பர் டயர் வைத்த ரயில்

சிங்கப்பூர் தேக்காவில் யாரிடமாவது பிரான்ஸுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், "ஐஃபில் டவர் சாவிக்கொத்து ரெண்டு வாங்கிட்டு வாங்க" என்பார்கள். பாரிஸுக்கு இல்லை, வடக்கே லில் நகருக்கு என்றால் விசாரிப்பு சட்டென்று நின்றுவிடும். பிரெஞ்சுக்காரர்களே அப்படித்தான். தெற்கத்திக்காரன் ஒருவனை வேலை மாற்றலில் வடக்கே தூக்கியடிக்கிறார்கள் என்பதுதான் 2008-இல் வந்த அவர்களுடைய நகைச்சுவைப் படத்தின் கதை. அதற்கு 2 கோடி டிக்கெட் விற்றது.

தங்கை மகள் அங்கே படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது கூட வந்தவர் பெரியப்பா. 2003-இல் எம்ஆர்டியின் வடகிழக்குத் தடம் திறந்த நாளிலிருந்து, ஓட்டுநர் இல்லாத அந்த ரயிலுக்குச் சம்பளம் வாங்காத தூதர் அவர். ஊரிலிருந்து யார் வந்தாலும் லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரே ஸ்டாப், டோபி காட்டுக்கு அழைத்துப் போவார். முன்கண்ணாடி அருகே நிறுத்தி, "டிரைவர் எங்க, சொல்லுங்க பார்ப்போம்?" என்பார். விருந்தாளி வாயைப் பிளந்த பிறகுதான் சாப்பாடு.

லில்லில் மெட்ரோ வந்து நின்றது. மொத்தமே இரண்டு பெட்டி, 26 மீட்டர். பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மிச்ச ரயில் பின்னாடி வருதாம்மா?" ஏறியதும் கால் தானாக முன்பக்கம் போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் சுரங்கம்தான் தெரிந்தது. டிரைவர் இல்லை.

"1983-லேர்ந்தே இப்படித்தான் தாத்தா ஓடுது" என்றாள் பெண்.

நம்மைவிட 20 வருஷம் முந்தி! இரண்டு ஸ்டாப்புக்கு அவர் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் தீர்ப்பு வந்தது: "சக்கரத்தப் பாத்தியா? ரப்பர் டயரு. இது ரயிலே இல்ல, பஸ்ஸு." நம் வடகிழக்குத் தடத்து ரயிலைச் செய்ததும் அல்ஸ்டாம் என்ற பிரெஞ்சுக் கம்பெனிதான் என்பதை நான் சொல்லவில்லை. அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஓர் அதிர்ச்சி போதும்.

குடும்ப வாட்ஸாப் குழுவின் பாரிஸ் ஏக்கத்தையும் லில்லே தீர்த்து வைத்தது. பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தை 1860-களில் பெரிதாக்கிக் கட்டியபோது, பழைய முகப்பைக் கல் கல்லாகப் பிரித்து வந்து இங்கே ஒட்டிவிட்டார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்து, "பாரிஸ் ஸ்டேஷன்" என்று போட்டார் பெரியப்பா. சட்டப்படி அது பொய் ஆகாது.

ஒரு காலத்தில் ஆலைப் புகையால் பேர் வாங்கிய பக்கத்து ஊர் ரூபேயில், 1932-இல் திறந்த நீச்சல் குளத்தை 2001-இல் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். குளத்தங்கரையில் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. நெசவாலைகள் போன ஊரில் வேறென்ன செய்வார்கள்? சலவைக்காரர்கள் ஓடையில் துணி அடித்துத் துவைத்த டோபி காட்டில் இன்று நாம் ஏசி மாலில்தானே நடக்கிறோம்.

மருவால் என்று ஒரு பாலாடைக்கட்டி. ஆரஞ்சு நிறத் தோல், சதுர வடிவம். பிரித்தால் வாடைக்கு அடுத்த அறைக்காரர் எழுந்து வருவார். அதைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் நிம்மதியாக வந்தோம். எம்ஆர்டியில் டுரியானுக்குத் தடைப்பலகை மாட்டிய நாட்டுக்காரருக்கு இது பொறுக்குமா? வழி முழுக்க முணுமுணுப்பு.

ஆனால் அவரை உண்மையில் நிலைகுலைய வைத்தது சூப்பர் மார்க்கெட். அந்த வட்டாரம் சிக்கரி விளையும் பூமி. நெப்போலியன் காலத்து முற்றுகையில் காப்பிக்கொட்டை வராமல் போனபோது பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை. ஓர் அலமாரி நிறையச் சிக்கரித்தூள். பாலில் கலந்து அதையே குடிக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் காப்பித்தூள் வாங்கும்போதெல்லாம் "எத்தனை பங்கு சிக்கரி கலந்தே?" என்று கடைக்காரரிடம் வழக்காடுகிறவர் பெரியப்பா. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம ஆளு பாவம்டா" என்றார். "கொஞ்சமாச்சும் காப்பி போடறான்."