பாட்டு கேட்கப் போன கதை

2003-ல் ரெட் ஹாட் லினக்ஸ் 9 போட்ட அன்று சாயங்காலம் பாட்டு கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். பாடவில்லை. காப்புரிமைச் சிக்கலால் எம்பி3 வசதியை முந்தைய பதிப்பிலேயே எடுத்துவிட்டிருந்தார்கள். சைக்கிளை மிதித்து பிரௌசிங் சென்டருக்குப் போய் ஒரு ஆர்பிஎம் பொதிக் கோப்பை ஃப்ளாப்பியில் இறக்கி வந்தேன். பாடியது.

ஆசை விட்டதா? படமும் பார்க்க வேண்டும். எம்பிளேயர் ஒரு ஃப்ளாப்பியில் அடங்காது; துண்டு போட்டு நாலைந்தில் ஏற்றினால், வீட்டில் மூன்றாவது ஃப்ளாப்பி கரகரத்துக் கைவிரிக்கும். அதையும் தாண்டினால், இன்ன லைப்ரரி இல்லை என்று, பொதியை நிறுவுகிற ஆர்பிஎம் முறைத்துக்கொள்ளும். அதைக் கொண்டுவந்தால் அதற்கொன்று.

“தம்பி, எல்லாத்தையும் ஒரே தடவையா எழுதிட்டு வரக் கூடாதா?” என்றார் சென்டர்காரர்.

“இது உள்ள போனாத்தாண்ணே அடுத்தது என்னன்னு தெரியும்.”

டெபியன் லினக்ஸ் வைத்திருந்த நண்பனுக்கு இந்த அலைச்சல் இல்லை. ஆப்ட்-கெட் என்று ஒரு வரி அடித்துவிட்டு டீ குடிக்கப் போவான். சம்பந்தி, சம்பந்திக்குச் சம்பந்தி என்று மொத்தப் பேரையும் அதுவே வண்டி வைத்துக் கூட்டிவந்துவிடும். ஆப்ட்டா ஆர்பிஎம்மா என்று டீக்கடையில் எத்தனை நாள் சண்டை! சண்டையே தப்பு என்று பின்னால்தான் உறைத்தது. ஆர்பிஎம்முக்குச் சரிஜோடி டெபியனின் டிபிகேஜி. இரண்டு பேரும் மூட்டை இறக்குகிறவர்கள். ஆப்ட்டோடு மோத வேண்டியது யம், பிறகு 2015-ல் ஃபெடோரா 22-ல் அதன் நாற்காலியில் உட்கார்ந்த டிஎன்எஃப். லோடுமேனையும் மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளையையும் நிறுத்தி, யார் கெட்டிக்காரர் என்று கேட்டிருக்கிறோம்.

இப்போது உபுண்டு 22.04. ஆப்ட்டிடம் ஃபயர்ஃபாக்ஸ் கேட்டால் அது ஸ்னாப் என்ற இன்னொரு ஆளைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துகொள்கிறது. ஸ்னாப் நாளுக்கு நான்கு முறை தானே போய்ப் புதுசு வந்திருக்கிறதா என்று பார்த்துவருகிறது. உலாவியை மூடாமல் வைத்திருந்தால், இன்னும் 13 நாள்தான் என்று வீட்டுக்காரர் தொனியில் கெடு வேறு. பக்கத்தில் இதே மாதிரி வேலைக்கு ஃப்ளாட்பேக், பிப். எது எதைக் கொண்டுவந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் கம்ப்யூட்டரில் இருந்த லைப்ரரிகளைக் குலம் கோத்திரத்தோடு ஒப்பித்தவன் நான்.

போன வாரம் ஒரு கால்குலேட்டர் வேண்டியிருந்தது. ஃப்ளாட்பேக்கிடம் சொன்னேன். கால்குலேட்டர் கையளவு, அது ஓடுவதற்கான ரன்டைம் இருநூறு ஃப்ளாப்பிக்குக் குறையாது. என்னென்ன இறங்கப்போகிறது என்று ஒரு பட்டியல் போட்டு, சம்மதமா என்றது. படிக்கவில்லை. ‘ஒய்’ தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.