கேஸுக்குப் பயந்தவன் எடுத்த படம்

வா ராசா. எக்ஸ்ரே ரூமுல வேலை கெடைச்சிருச்சாமே! வெள்ளைக் கோட்டோட நீ கொஸ்லந்த பஸ்ஸுல வந்து எறங்கினப்ப, புதுத் தொரைதான் வந்துட்டாரோன்னு நான் எந்திரிச்சே நின்னுட்டேன், போ.

"கேஸ் வந்துரக்கூடாது, அதான் முக்கியம்"னு ஒங்க பெரியவரு சொன்னாராமே. நல்ல புத்திதான். கேஸுக்குப் பயந்தவன் என்ன செய்வான் தெரியுமா? ஒரு படம் போதுங்கிற எடத்துல நாலு எடுப்பான். எக்ஸ்ரே போதுங்கிறதுக்கு டொக்டரு சிடி ஸ்கேன்னு சீட்டெழுதுவாரு. நெஞ்சு எக்ஸ்ரேயில கதிரு 0.1 மில்லிசீவர்ட்டுன்னா நெஞ்சு சிடி ஏறக்கொறைய 7. மண்ணும் கல்லும் ஆகாசமும் சேந்து மனுசனுக்கு ஒரு வருசம் பூரா குடுக்கிறதே சராசரி 2.4 தான்.

பின்ன ஏன் இப்புடி அள்ளி விடுறாங்க? எடுக்காத படத்துக்குத்தான்யா கேஸு. எடுத்த படத்துக்கு எவன் கோர்ட்டுப் படி ஏறுவான்? இருவது வருசங் கழிச்சுக் கட்டி கெளம்பினா, எந்தப் படத்தால வந்த கட்டின்னு எந்த ஜட்ஜய்யா சொல்லுவாரு?

இன்னொரு கெட்டிக்காரத்தனம் கடதாசி. கொழுந்தெடுக்கிற பொம்பள வந்தா, அவளுக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள ஃபோமுல கைநாட்டு வாங்கிரு. "முழுகாம இருக்கியாம்மா"ன்னு கேட்டுத் தொலைச்சிராத, நேரம் போயிரும். கதிர அளக்க நெஞ்சுல குத்துற டோஸ் பேட்ஜை லாச்சியில வச்சுப் பூட்டிரு. ரிப்போட்டு சுத்தமா வரும்.

கடதாசியோட சீரு நாம பாக்காததா? மீரியபெத்த மலை சரியும், சனத்த எறக்குங்கன்னு கட்டட ஆராய்ச்சிக்காரங்க 2005லயும் 2011லயும் சொல்லி வச்சாங்க. கடதாசி பத்திரமா இருந்துச்சு. 2014 ஒக்டோபர் 29 காலையில லயந்தான் இல்ல. அதே வருசந்தான் ஒன் எக்ஸ்ரே ரூமையும் கட்டுப்படுத்துற 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டமும் நாட்டுக்கு வந்துச்சு. சட்டத்துக்கு ஒரு கொறையும் இல்ல ராசா. ஆனா சுவிச்ச அமுத்தறப்ப அந்த ரூமுல சட்டம் இருக்காது, நீதான் இருப்ப.

அதுக்காகக் கேஸ் பயத்த வீணாக்கிராத. மெசினைச் சரிபாக்கணும், கதவுக்கு ஈயத் தகடு மாத்தணும்னா பெரியவரு காசில்லைம்பாரு. அப்ப, "ஐயா, நாளைக்குக் கேஸு கீஸு வந்தா..."ன்னு மெதுவா இழு. பெட்டி தானாத் தொறக்கும். ஈய ஏப்ரன மட்டும் மடிக்காமத் தொங்க விடு. மடிச்சா உள்ளுக்குள்ள வெடிச்சிரும், வெளிய தெரியாது. அந்தக் கொழுந்தெடுக்கிற பொம்பளகிட்டயும் முழுகாம இருக்காளான்னு வாயத் தொறந்து கேட்டுரு.

என்ன முழிக்கிற? இதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா? போடா! நாளைக்கு என் மேலயே கேஸ் போடுவ.