கேட்டுட்டு அடிச்சா மேளம்

ஏலே ராசா,

நேத்து போன்ல அரை மணி நேரம் மூக்கை உறிஞ்சின. "தாத்தா, இந்த ஊரு எனக்கு ஒட்டவே மாட்டேங்கு"ன்னே. தானா வந்து ஒட்டுததுக்கு ஊரு என்ன தபால் தலையாலே? போன வைகாசியில ஜெர்மனிக்கு வந்து டார்ட்மண்ட்ல உன்கூட 90 நாள் இருந்தவன் நான். அதுக்கு மேல ஒரு நாள் தங்க விசாவுல இடமில்ல. சம்பந்தி வீட்டுலகூட விருந்தாளிய இப்படி எண்ணி அனுப்ப மாட்டாக. ஆனாலும் அந்த 90 நாள்ல நான் கண்டதை நீ 3 வருஷத்துல காணல. அதான் சொல்லுதேன்.

மொதல்ல உன் பேரு. நமக்கேது குடும்பப் பேரு? பாஸ்போர்ட்ல உங்கப்பன் பேரைப் போட்டாச்சு. இப்ப அழைப்புமணி பக்கத்துல அவன் பேரு, தபால் பெட்டியில அவன் பேரு, சர்க்கார் ஆபீஸ்ல மரியாதைக்கு 'ஹெர்' சேத்துக் கூப்பிடுததும் அவன் பேருதான். "என் பேரே எனக்கு மறந்துரும் போல"ன்னு நீ பொலம்புத. இங்க உங்கப்பன், மாட்டுத்தொழுவத்தை விட்டு நகராமலே ஜெர்மனியில பேரெடுத்தாச்சுன்னு டீக்கடையில சொல்லிக்கிட்டுத் திரியுதான். நீ படிச்சதுல அவன் கண்ட மொத வரவு அதுதான். கெடுத்துராத.

பெறகு அந்தக் காலி பிளாஸ்டிக் பாட்டில். கடையில இருக்க மிசினுக்குள்ள போட்டா ஒண்ணுக்கு 25 சென்ட். பழைய ஈயம் பித்தளையக் குடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ன வம்சம்லே நாம! சும்மா விடுவனா? ஒரே நாள்ல 13 பாட்டில் பொறுக்கினேன், 3 யூரோ 25 சென்ட். நீதான் "மானம் போகுது தாத்தா"ன்னு மிசின் குடுத்த சீட்டைப் பிடுங்கிக்கிட்டு ஓடின. மறுநாள் ரயிலடியில பாத்தேன். ஒரு பய தண்ணியக் குடிச்சிட்டு, பாட்டிலைத் தொட்டிக்குள்ள வீசாம அதுக்குப் பக்கத்துல நிறுத்தி வெச்சிட்டுப் போறான். கொஞ்ச நேரத்துல என் வயசுக்காரன் ஒருத்தன் வந்து எடுத்துப் பையில போட்டான். இல்லாதவன் குப்பையக் கிண்டக் கூடாதாம், அதுக்குத்தான் வெளிய வெக்கிறாக. "இங்க மனுசனுக்கு ஈரமே இல்ல"ன்னியே, அது ஈரம் இல்லாம என்னலே? அதுக்கப்புறம் நம்ம வீட்டுப் பாட்டிலோட நிறுத்திக்கிட்டேன்.

அடுத்தது என் உரல். ஞாயித்துக்கிழமை மத்தியானம், பருப்புப்பொடிக்கு வத்தலை ரெண்டு இடிதான் இடிச்சேன். கீழ்வீட்டு அம்மா வந்து மணியடிச்சிட்டா. போலீஸ் வந்த மாதிரி நீ வெலவெலத்துப் போன. நான் ஒரு தட்டு முறுக்கை நீட்டினேன். மறுநாள் தட்டு கழுவித் திரும்பி வந்தது, மேல ஒரு காயிதம். ஞாயித்துக்கிழமை முழுக்கவும், மத்த நாள்ல ராத்திரி 10 மணியிலேருந்து காலை 6 மணி வரைக்கும் சத்தம் கூடாதுன்னு முத்து முத்தா எழுதியிருந்தா. உனக்கு அது அவமானம். எனக்கு அது மரியாதை. நம்மூருன்னா மூஞ்சிக்கு நேரா சிரிச்சிட்டு, குழாயடியில வெச்சுல்ல நம்மளைக் கிழிச்சிருப்பா? அன்னையிலேருந்து அந்தம்மா உன்னைக் கண்டா தலையாட்டுதா. நீதான் செல்போனைக் கும்பிட்டுக்கிட்டே படியேறுத.

இப்ப குளிரு, சாயங்காலம் நாலரைக்கே இருட்டிருதுன்னு சொல்லுத. நான் இருந்தப்ப ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம். எப்பச் சாப்பிடன்னு தெரியாம ரெண்டு தடவை சாப்பிட்டேனே, அப்ப நீ குறை சொல்லலையே! அவுக ஐப்பசியில கடியாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுக்காக, பங்குனியில முன்னுக்குத் தள்ளுதாக. சூரியனுக்கே வளைஞ்சு குடுக்கிற ஊருல, நீ மட்டும் நம்மூரு மணிக்கே தூங்கி முழிக்க. இங்க தூத்தல் விழுந்தா உனக்கு உடனே தெரியுது. உன் சன்னலுக்கு வெளிய பனி கொட்டுததை, நான் போட்டோ கேட்டப் பெறகுதான் எந்திரிச்சுப் பாக்க.

கடைசியா ஒண்ணு. ரயிலேறி அரை மணியில ஹாமுக்குப் போனோமே, காமாட்சி அம்பாள் கோயிலு. 2002-ல கும்பாபிஷேகம் ஆச்சுன்னாக. கட்டினது யாரு? சண்டையில வீடு வாசலை விட்டுட்டு வந்த இலங்கைத் தமிழாளுக. உனக்கு டிக்கெட் போட்டா மறுநாள் ஊரு. அவுகள்ல எத்தனையோ பேருக்குத் திரும்பிப் போக வீடே நிக்கல. அதே ஞாயித்துக்கிழமை, அதே ஜெர்மனி. தவிலும் நாயனமும் முழங்கத் தேர் போச்சு. யாரும் மணியடிக்க வரல, ரோட்டை ஒதுக்கி விட்டாக. எப்படின்னு ஒரு பெரியவரைக் கேட்டேன். "முன்கூட்டியே போய்க் கேட்டனாங்கள்"னாரு. அம்புட்டுத்தான். கேட்டுட்டு அடிச்சா மேளம், கேக்காம அடிச்சா சத்தம்.

தேருக்கு மறுநாள் தீர்த்தம். காவிரியக் கொண்டான்னு அம்பாள் அடம் பிடிக்கல. சரக்குக் கப்பல் போற கால்வாயிலயே முங்கி எந்திரிச்சா. நீ என்ன அவளைவிடப் பெரிய ஆளாலே?

நாளைக்குக் கீழ்வீட்டு அம்மாளைப் பாத்தா, அவ பாஷையில ஒரு வணக்கம் போடு. உரலைப் பரண்ல போட்டுராத, புழங்கு. சனிக்கிழமை இடி.