மோட்டார்ஹோமில் கரண்ட் எங்கே போச்சு?

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை இடம். ஊர்தான் வேறு வேறு, புலம்பல் ஒன்றே: பிளக் பாயிண்டில் கரண்ட் இல்லை.

வாசகர், டாலஸ்: சமையல் மேடை மேலே இருக்கும் பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை. பிரேக்கர் எதுவும் விழவில்லை. புது அவுட்லெட் வாங்கிவிட்டேன். எப்படி மாற்றுவது?

ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? திருப்பிக் கொடுக்க உதவும். இப்போது சமையல் மேடையை விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போங்கள். அங்கே 'டெஸ்ட்', 'ரீசெட்' என்று இரண்டு குட்டிப் பொத்தான்களோடு ஓர் அவுட்லெட் இருக்கும். அதற்குப் பெயர் ஜி.எஃப்.சி.ஐ. பெரும்பாலான வண்டிகளில் சமையல் மேடை, வெளிப்புறச் சுவர் என்று தண்ணீர் படக்கூடிய இடங்களில் இருக்கும் பாயிண்ட்களுக்கு இதன் வழியாகத்தான் கரண்ட் போகும். இது விழுந்தால் பின்னால் இருப்பவை அத்தனையும் விழும். ரீசெட்டை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

'பிரேக்கர் ஏன் விழவில்லை?' என்பீர்கள். பிரேக்கர் பார்ப்பது எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை. ஜி.எஃப்.சி.ஐ. பார்ப்பது, போன கரண்ட் அப்படியே திரும்பி வந்ததா என்பதை. சுமார் 5 மில்லி ஆம்ப் கணக்கில் குறைந்தாலே, அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று முடிவுகட்டி இணைப்பைத் துண்டித்துவிடும். மனித உடம்பு எவ்வளவு ஷாக் தாங்கும் என்று ஆராய்ந்த பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல் 1961-ல் கண்டுபிடித்தது. பழி போட வேண்டாம், காப்பாற்றுகிற சாதி அது.

வாசகர், சான் ஹோசே: அந்தப் பொத்தானைத்தான் காலையிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கிறேன். நிற்கவே மாட்டேன் என்கிறது!

விரலுக்கு ஓய்வு கொடுங்கள். அதற்கே கரண்ட் வராவிட்டால், இப்போது வரும் ஜி.எஃப்.சி.ஐ. ரீசெட் ஆகவே ஆகாது. எனவே முதலில் அதற்கு வரும் பிரேக்கரைப் பாருங்கள். கரண்ட் வருகிறது, ஆனாலும் விழுகிறது என்றால் எங்கோ கசிவு. எல்லாப் பாயிண்டிலும் செருகியிருப்பதைப் பிடுங்கிவிட்டு அழுத்துங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். நிற்காவிட்டால், நேற்று ராத்திரி மழை பெய்ததா என்று யோசியுங்கள். வண்டியின் வெளிப்பக்கப் பாயிண்டில் மூடி சரியாக மூடாமல் தண்ணீர் இறங்கியிருக்கும். காய்ந்தால் சரியாகிவிடும், மூடியை மாற்றினால் அடுத்த மழைக்கும் சரியாக இருக்கும்.

வாசகர், ஃபீனிக்ஸ்: பாலைவனத்தில் நிறுத்தியிருந்தோம். விளக்கு எரிகிறது, தண்ணீர் பம்ப் ஓடுகிறது. ஆனால் ஒரு பிளக் பாயிண்ட்கூட உயிரோடு இல்லை. பாதி கரண்ட்தான் வருகிறதா?

முழு கரண்ட்தான் வருகிறது. ஆனால் வேறு கரண்ட். மோட்டார்ஹோமில் இரண்டு மின்சாரம் குடியிருக்கிறது. ஒரே வீட்டில் தனித்தனி உலை வைக்கும் அண்ணன் தம்பி மாதிரி. விளக்கு, பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாம் பேட்டரியின் 12 வோல்ட் டி.சி.யில் ஓடும். பிளக் பாயிண்ட், ஏர் கண்டிஷனர், மைக்ரோவேவ் எல்லாம் 120 வோல்ட் ஏ.சி. மின்சாரம் கேட்கும். விளக்கு எரிவதை வைத்துப் பாயிண்டைச் சந்தேகப்படக் கூடாது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நிமிஷம் 120 வோல்ட் யார் கொடுக்கிறார்கள்? முகாமில் நட்டிருக்கும் மின்கம்பமா, ஜெனரேட்டரா, பேட்டரியை 120 ஆக்கும் இன்வெர்ட்டரா? மூன்றும் இல்லையென்றால் பாயிண்ட் சாகவில்லை, பட்டினி. வண்டியில் 'கன்வெர்ட்டர்' என்று ஒரு பெட்டி இருக்கிறதே என்று அதைத் தட்டாதீர்கள். அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது: கம்பத்து 120-ஐ 12 ஆக்கிப் பேட்டரிக்கு ஊட்டுகிறது. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் எழுதப்பட்டே இருக்காது.

வாசகி, அட்லாண்டா: இன்வெர்ட்டர் ஓடுகிறது, டி.வி. வருகிறது. பக்கத்துப் பாயிண்டில் ஹேர் டிரையர் வரவில்லை. என்ன பாரபட்சம் இது?

தயாரித்தவர்கள் காட்டிய பாரபட்சம். பல வண்டிகளில் இன்வெர்ட்டரின் மின்சாரம் டி.வி., ஃப்ரிட்ஜ் போன்ற சில பாயிண்ட்களுக்கு மட்டும்தான் போகும். மீதி கம்பத்தையோ ஜெனரேட்டரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். நல்லதற்குத்தான். 1000 வாட் சாதனத்தை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்ட 80 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் நிம்மதியாக எடுக்கக்கூடியது பாதி. கூந்தல் காய்வதற்குள் பேட்டரி காய்ந்துவிடும்.

ஆனால் நேற்று வரை வந்த பாயிண்ட் இன்று வரவில்லை என்றால், இன்வெர்ட்டர் பெட்டியின் மேலேயே ஒரு சின்ன பிரேக்கர் இருக்கிறதா பாருங்கள். எல்லோரும் சுவரில் இருக்கும் பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுதுகிறார்கள். இது படுக்கைக்கு அடியிலோ சாமான் அறையிலோ ஒளிந்திருக்கும்.

வாசகர், டென்வர்: ஜெனரேட்டர் தடதடவென்று ஓடுகிறது. உள்ளே ஒன்றுமில்லை.

ஓடவிட்டு அரை நிமிஷம் பொறுத்தீர்களா? கம்பத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச், ஜெனரேட்டர் நிலைக்கு வரட்டும் என்று சற்றுத் தாமதித்துத்தான் 'டக்' என்று இணைக்கும். அப்புறமும் வரவில்லை என்றால் ஜெனரேட்டரின் உடம்பிலேயே ஒரு பிரேக்கர் உண்டு, அதைப் பாருங்கள்.

பழைய வண்டியா? அப்படியானால் தானியங்கி சுவிட்சே இல்லாமல் இருக்கலாம். கம்பத்துக்கு இழுக்கும் அந்தத் தடித்த கேபிளைச் சுருட்டி வைக்கும் பெட்டிக்குள் ஒரு பெரிய சாக்கெட் இருக்கும். கேபிளை அதில் செருகினால்தான் ஜெனரேட்டர் கரண்ட் உள்ளே வரும். வாங்கும்போது இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் அப்போது நீங்கள் சோபாவின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

ஜெனரேட்டர் ஓடாமல் முரண்டு பிடிப்பது வேறு கேள்வி. ஒரு குறிப்பு மட்டும்: பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும்படி பல வண்டிகளில் குழாயை வைத்திருப்பார்கள். ஏ.சி. போட்டுத் தூங்கிவிட்டு, விடிந்ததும் ஊர் திரும்பப் பெட்ரோல் இல்லாமல் நிற்கக் கூடாது அல்லவா.

வாசகர், சியாட்டில்: யெல்லோஸ்டோனில் முன்பதிவு செய்த இடத்தில் மின்கம்பமே இல்லை. இது நியாயமா?

கரடிகளுக்கு எதற்குக் கம்பம்? அந்தப் பூங்காவுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் மட்டும்தான் மின் இணைப்பு. அங்கேயும் கரடிகள் உலவுவதால் துணிக் கூடாரத்துக்கு அனுமதி கிடையாது. அடுத்த முறை கிராண்ட் கேன்யன் போவதாக இருந்தால், தென்கரையில் டிரெய்லர் வில்லேஜில் கம்பம் உண்டு, மேதர் முகாமில் இல்லை. இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் கடிதம் போடாதீர்கள்.

வாசகி, நியூ ஜெர்சி: ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் மின்சாரக் குக்கரைப் போட்டார், எல்லாம் அணைந்தது. பிரேக்கரை ஆன் பக்கம் தள்ளினாலும் வரவில்லை. தப்பு அவர் மேல்தானே?

ஒரு பங்குதான் அவர் மேல். உங்கள் வண்டியின் பிளக்கில் மூன்று கால் என்றால் அது 30 ஆம்ப் இணைப்பு. 30 பெருக்கல் 120, மொத்தம் 3,600 வாட். ஏ.சி. ஏறக்குறைய 13 ஆம்ப் எடுக்கும், குக்கர் 8. கூட்டினால் 21தானே என்கிறீர்களா? மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். வெந்நீர் டேங்கை கரண்டில் போட்டு வைத்தது யார்? அது சத்தமில்லாமல் 12 ஆம்ப் எடுத்துக்கொள்ளும். 33 ஆச்சா? குக்கர் கடைசியாக வந்து மாட்டிக்கொண்டது. வெந்நீரை கேஸுக்கு மாற்றிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள்.

பிரேக்கர் விஷயம்: விழுந்த பிரேக்கர் முழுசாக ஆஃபுக்குப் போகாது, நடுவில் நிற்கும். அங்கிருந்து ஆன் பக்கம் தள்ளினால் பிடிக்காது. முதலில் ஆஃப் வரை அழுத்தி, பிறகு ஆன். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதும் கஷ்டம், ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். உள்ளே எல்லாம் சரியென்றால் வெளியே கம்பத்திலும் ஒரு பிரேக்கர் இருக்கிறது.

வாசகர், ஹூஸ்டன்: வீட்டு கராஜில் வண்டியைச் செருகினால் கராஜ் அவுட்லெட் உடனே விழுகிறது. மூன்றாவது காலை வெட்டிவிடலாமா?

வெட்டுகிற கத்தரியை முதலில் கீழே வையுங்கள். அந்தக் கால்தான் எர்த். அது இல்லாவிட்டால் வண்டியின் தகரம் முழுக்கக் கரண்ட் ஏற வழி திறந்துவிடுகிறீர்கள்.

கராஜ் அவுட்லெட் ஜி.எஃப்.சி.ஐ. வகையாகத்தான் இருக்கும். வண்டியில் எங்கேயோ கசிகிறது என்று அது சொல்கிறது, நம்புங்கள். வண்டியின் எல்லா பிரேக்கரையும் ஆஃப் செய்துவிட்டுச் செருகுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். வெந்நீர் டேங்க் பிரேக்கரில் விழுந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். டேங்கில் தண்ணீர் நிரப்பும் முன் யாரோ சுவிட்சைப் போட்டிருப்பார்கள், சூடேற்றும் கம்பி வெந்து பிளந்திருக்கும், இப்போது கசிகிறது. எல்லாம் ஆஃபில் இருந்தும் விழுகிறதா? அப்படியானால் வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கலாம். வீட்டில் இரண்டும் பிரதானப் பெட்டியில் சேர்ந்திருக்கும். வண்டிக்குள் சேரவே கூடாது. அதைத் தேடுவது எலக்ட்ரீஷியன் வேலை.

வாசகர், டாம்பா: மழை நாளில் வண்டிப் படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுக்கிறது. சாதாரணம்தானே?

இல்லை. இந்தப் பதிலில் நகைச்சுவை கிடையாது. வண்டியின் உடம்பில் கரண்ட் ஏறியிருக்கிறது. ஈரத் தரையில் நின்று தொடும் குழந்தைக்கு அது லேசான ஜிவ்வாக இருக்காது. வண்டியைத் தொடாமல் போய்க் கம்பத்து பிரேக்கரை அணையுங்கள், பிறகு கேபிளைப் பிடுங்குங்கள். உள்ளே இருப்பவர்கள் அதுவரை இறங்க வேண்டாம். ஒரு கால் படியில், ஒரு கால் ஈர மண்ணில் என்ற நிலைதான் ஆபத்து.

பெரும்பாலும் கம்பத்திலோ கேபிளிலோ எர்த் அறுந்திருக்கும், கூடவே வண்டிக்குள் ஒரு கசிவு. தொடாமலே கரண்டைக் காட்டும் பேனா போன்ற டெஸ்டர் சில டாலருக்குக் கிடைக்கிறது. முகாமுக்குப் போனதும் அதை வண்டியின் தகரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

நான்கு கால் பிளக் உள்ள 50 ஆம்ப் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. அவர்களுக்கு இரண்டு 120 வோல்ட் கம்பிகள் வரும், நடுவில் ஒரே நியூட்ரல். கம்பத்தில் அந்த நியூட்ரல் கழன்றால் இரண்டு கம்பிக்கும் இடையிலுள்ள 240 வோல்ட் உங்கள் சாதனங்களில் தாறுமாறாகப் பங்கு போகும். பாதிப் பாயிண்டில் விளக்கு மங்கும், மீதிப் பாதியில் டி.வி. புகையும். இப்படிப் பார்த்தால் எதையும் ஆராயாமல் உடனே அணையுங்கள். இதற்காகவே கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டும் காவல் பெட்டிகள் விற்கின்றன. மின்னழுத்தம் 104-க்குக் கீழே போனாலோ 132-ஐத் தாண்டினாலோ தானே துண்டிக்கும்படி அமைந்தவை உண்டு. சோபா உறைக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழியுங்கள்.

வாசகர், சாக்ரமெண்டோ: அந்தக் காவல் பெட்டி என்னிடம் இருக்கிறது. கையில் தூக்கும் ஜெனரேட்டரில் மாட்டினால் 'எர்த் இல்லை' என்று சொல்லிக் கரண்டே விட மறுக்கிறது.

பெட்டி நேர்மையானது. பல சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அதைச் சேர்க்கும் சிறு பிளக் ஒன்று கடையில் கிடைக்கும். ஜெனரேட்டரின் காலியான இன்னொரு பாயிண்டில் செருகினால் பெட்டி சமாதானமாகிவிடும். ஜெனரேட்டரில் மட்டும். அதைக் கொண்டுபோய் வண்டிக்குள் ஒரு பாயிண்டில் செருகி வைக்காதீர்கள்.

வாசகர், சிகாகோ: நீங்கள் சொல்வது எல்லாம் பார்த்தாயிற்று. ஜி.எஃப்.சி.ஐ. சரி, பிரேக்கர் சரி, மற்ற பாயிண்ட் எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை.

சரி, இப்போது அந்தப் பாயிண்டையே கைது செய்யலாம். கம்பத்திலிருந்து பிடுங்கி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே இழுங்கள். வீட்டு அவுட்லெட் மாதிரி இருக்காது. சுவர் மெல்லியது என்பதால் பின்னால் பெட்டியே இல்லாத ஒரு வகையைப் போட்டிருப்பார்கள். கம்பியை ஸ்க்ரூ போட்டு முறுக்காமல், இரண்டு தகட்டுப் பல்லுக்கு நடுவில் அழுத்திச் செருகிவிடுவது. தொழிற்சாலையில் வேலை சீக்கிரம் முடியும். நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான மைல் குலுங்கினால் பிடியும் சீக்கிரம் தளரும். தளர்ந்த இடம் சூடாகும். பிளாஸ்டிக்கில் பழுப்புக் கறை, கருகிய வாசனை இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். இடமிருந்தால் பெட்டியும் ஸ்க்ரூவும் உள்ள வகையாக. கறை இல்லையா? கம்பியில் கை படாமல் கரண்டை மறுபடி விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 'ஹாட்' எனும் கரண்ட் கம்பிக்கும் எர்த்துக்கும் 120 காட்டி, ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் ஒன்றும் காட்டாவிட்டால் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கரண்டை மறுபடி அணைத்துவிட்டு, வரிசையில் இதற்கு முன்னால் உள்ள பாயிண்டைக் கழற்றிப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க வண்டி சும்மா நின்றதா? எலி வேலையாகவும் இருக்கலாம்.

வாசகி, ராலே: அம்மா கோயம்புத்தூரிலிருந்து மிக்ஸி கொண்டுவந்தார். வண்டியில் எந்தப் பாயிண்டில் போட்டாலும் முனகுகிறது, தேங்காய் அரைபடவில்லை. எல்லாப் பாயிண்டும் போச்சா?

ஃபோன் சார்ஜரைச் செருகுங்கள், ஏறுகிறதா? பாயிண்ட் பிழைத்தது. அம்மாவின் மிக்ஸி 230 வோல்டுக்குப் பழகியது. 120-ல் முனகாமல் என்ன செய்யும்? '50 ஆம்ப் கம்பத்தில் 240 இருக்கிறதே' என்று உங்கள் வீட்டு இன்ஜினியர் யாராவது ஆரம்பித்தால் வாயை அடைத்துவிடுங்கள். 110 வோல்ட் மிக்ஸி அங்கேயே இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டு, வெந்நீர் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சட்னி அரையுங்கள்.