அடைக்கோழியும் ஆலோசகர்களும்

ஒரு நாட்டுக்கோழி அடைக்கு வந்துவிட்டதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. நேற்று வரை குப்பைமேட்டைக் கிளறித் திரிந்த கோழி இன்று விறகு அடுக்கின் இடுக்கில் உடம்பை உப்பவைத்துக்கொண்டு கிடக்கும். பக்கத்தில் போனால் கொர்ரென்று ஒரு சத்தம் வரும். கையை நீட்டினால் கொத்து விழும். அடியில் இருக்கும் முட்டைகளையெல்லாம் எடுத்துவிட்டாலும் அது அசையாது. வெறுந்தரையையும் கூழாங்கல்லையும் உருளைக்கிழங்கையும்கூட அதே பொறுப்போடு அடைகாக்கும். இதற்குக் காரணம் புரோலாக்டின் என்னும் சுரப்பு. மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் அதுதான். கோழிக்குப் பால் கிடையாது, அதனால் பிடிவாதம் சுரக்கிறது.

இந்தப் பிடிவாதத்தைப் பண்ணைக்காரர்கள் விரும்புவதில்லை. அடைக்கு வந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். ஆகவே லெகார்ன் வகைகளில் அடை எண்ணம் உள்ளவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து, ஆண்டுக்கு 300 முட்டை போட்டாலும் ஒன்றின்மீதும் உட்காரத் தோன்றாத கோழிகளை உருவாக்கிவிட்டார்கள். நாட்டுக்கோழிக்குக் கொள்கை வேறு. பன்னிரண்டோ பதினைந்தோ போட்டதும் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிடும். முட்டைதான் முக்கியம் என்று நினைக்கும் வீடுகளில் அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், இல்லையென்றால் அதன் இறகு ஒன்றையே பிடுங்கி மூக்கில் சொருகிவிடுவார்கள். கோழிக்கு அடை தெளியும். மனிதர்கள்மேல் அதற்கிருந்த மதிப்பும் அத்துடன் தெளிந்துவிடும்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ஒருவருக்கு ‘மேனேஜர்’ என்றே பெயர். நாற்பது பேரை மேற்பார்வை பார்த்துப் பழகியவருக்கு ஊரில் மேற்பார்வை பார்க்க எதுவும் அகப்படவில்லை. தாயார் வளர்க்கும் சிறுவிடைக் கோழி ஒன்று அந்த நேரம் பார்த்து அடைக்கு வந்தது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அவருடைய முதல் யோசனை கடைக்குப் போய் ஒரு அட்டை முட்டை வாங்கி வருவது. “முப்பது முட்டை இருக்கு ஆத்தா, ஒரே அடியா முப்பது குஞ்சு.”

“சேவ முகமே பாக்காத கோழி போட்ட முட்டைடா அது. முப்பதும் கூமுட்டையாத்தான் போகும்” என்றார் தாயார்.

அவர் சொன்னது சரி. நாமக்கல்லிலிருந்து வரும் முட்டைகள் சேவலே இல்லாத கூண்டுக் கொட்டகைகளில் இடப்பட்டவை. அவற்றுக்குள் கரு கிடையாது. எந்தக் கோழியை எத்தனை நாள் உட்கார வைத்தாலும் ஆம்லெட்டுக்கு மேல் அவற்றால் உயர முடியாது. அப்படியானால் வீட்டு முட்டையைத்தான் வைக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மருமகப்பிள்ளை வந்திருந்த அன்று வீட்டுச் சேவல் குழம்பாகிவிட்டது, அது நடந்து ஒரு வாரம் ஆகப் போகிறது. அதற்குப் பிறகு இட்ட முட்டைகளெல்லாம் தகப்பன் இல்லாதவை என்று மேனேஜர் தீர்ப்பெழுதினார். பெட்டைக்கோழியின் உடல் அவ்வளவு அவசரக்காரி இல்லை. சேவலின் விந்தைக் கருக்குழாயில் உள்ள நுண்ணிய குழல்களில் சேமித்து வைத்துக்கொண்டு பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் வரை முட்டைகளைக் கருவுறச் செய்ய அதனால் முடியும். குழம்பைச் சாப்பிட்டவர்கள் அதை மறந்த பிறகும் சேவலுக்கு வாரிசுகள் வந்துகொண்டிருக்கும்.

முட்டையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மனிதன் உண்மையிலேயே பயன்படுகிற இடமும் அனேகமாக இது ஒன்றுதான். இட்டு ஏழு நாளுக்குள் இருக்கும் முட்டை நல்லது. பத்து நாளைத் தாண்டினால் பொரிப்பு குறையும். விரிசல் விட்டது, கோணலானது, அளவுக்கு மீறிப் பெரியது எல்லாம் சமையலறைக்குப் போகட்டும். கழுவக் கூடாது. ஓட்டின்மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு, கழுவினால் அது போய்விடும். குளிர்பதனப் பெட்டி வேண்டாம், வெயில் படும் இடமும் வேண்டாம். கிராமத்து வீடுகளில் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது இதற்காகத்தான். சித்திரை வெயிலில் அதுவும் போதாது, நாலைந்து நாள் முட்டைகளாகப் பார்த்து வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கோழி உட்காரும் முன்பே வெயில் அரைகுறையாக அடைகாத்துக் கருவைக் கெடுத்துவிடும்.

எத்தனை முட்டை? சிறுவிடையின் இறகுக்குள் முழுதாக அடங்கும் அளவுக்குத்தான். தாயார் பதினொன்று என்றார். பன்னிரண்டு ஏன் கூடாது என்று மேனேஜர் கேட்டார். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும், அது அப்படித்தான் என்று பதில் வந்தது. போதாததற்குத் தாயார் கூடைக்குள் ஓர் இரும்பு ஆணியையும் அடுப்புக்கரித் துண்டையும் காய்ந்த மிளகாய் ஒன்றையும் போட்டார், இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாமல் இருப்பதற்கு. மேனேஜர் இதை மூடநம்பிக்கை என்று அறிவித்துவிட்டுச் செல்பேசியில் ஆதாரம் தேடப் போனார்.

கிடைத்த ஆதாரம் அவருக்கு எதிராக இருந்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரிக் காலத்தில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, அடைமுட்டைகளை ஒற்றைப்படையில் வைக்கச் சொல்கிறார். இடியிலிருந்து காப்பதற்காகப் பலரும் வைக்கோலுக்கு அடியில் புல்லும் லாரல் மரக் குச்சிகளும் பூண்டும் இரும்பு ஆணிகளும் வைப்பதாகவும் எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய எழுத்தாளரும் இடிக்கு மருந்தாக ஆணியைச் சொல்கிறார். மிளகாய் அப்போது அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியே வரவில்லை, அதனால் ரோமானியர்கள் பூண்டோடு திருப்தி அடைந்தார்கள். இரண்டு கண்டத்துக் கிழவிகளுக்கும் ஒரே ஆணி எப்படித் தோன்றியது என்பதை மேனேஜர் ஆராயவில்லை. ஆணியைக் கூடையிலேயே விட்டுவைத்தார். இடிச் சத்தம் முட்டையைக் கெடுப்பதில்லை. ஐப்பசி மழையில் கூடை நனைந்து முட்டை ஆறிப்போனால் கெடும். ஆணியை வைத்துவிட்டுக் கூடையை ஒழுகாத இடத்தில் வைப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

கூடை என்பது பேச்சுக்குத்தான். தாயார் எடுத்தது உடைந்த பானையின் அடிப்பாகம். அதில் மணல், மணலின்மேல் வைக்கோல், செள்ளு பிடிக்காமல் இருக்க வேப்பிலையும் நொச்சியும். செள்ளை அலட்சியம் செய்யக் கூடாது. கொத்தும் மனிதனுக்கு அஞ்சாத கோழி, கண்ணுக்குத் தெரியாத செள்ளுக்கு அஞ்சி முட்டைகளைப் போட்டுவிட்டுப் போய்விடும். இரவான பிறகு விறகு அடுக்கிலிருந்து கோழியைத் தூக்கி வந்து இருட்டறையில் வைத்தார்கள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, எழுந்து சண்டை போடாது, விடிந்ததும் தான் உட்கார்ந்திருக்கும் இடம்தான் தன் இடம் என்று ஏற்றுக்கொள்ளும். வங்கியில் இடமாற்ற உத்தரவுகளையும் இரவில் கொடுத்திருக்கலாம் என்று மேனேஜர் வருந்தினார்.

முட்டைகளுக்கு அடையாளம் போட வேண்டும். அடைக்கோழி எழுந்து போகும் நேரத்தில் மற்ற கோழிகள் அந்தக் கூட்டில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். அடையாளம் இல்லாவிட்டால் எது பழையது, எது புதியது என்று தெரியாமல் ஒவ்வொரு முட்டையும் ஒவ்வொரு தேதியில் பொரிக்கத் தொடங்கும். இதற்குக் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்தால் போதும். மேனேஜர் பென்சிலால் வரிசை எண், வைத்த தேதி, முதிர்வு தேதி மூன்றையும் எழுதி, சுருக்கொப்பமும் இட்டார்.

பிறகு 21 நாள். இந்த மூன்று வாரமும் கோழிக்கு வேலை, மனிதனுக்கு விடுமுறை. இந்த ஏற்பாட்டைக் கோழிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன, மனிதர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கும். தீனி தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, ஒருநாள் முழுக்க அடக்கி வைத்ததை ஒரே தவணையில் வெளியேற்றும். அதன் நாற்றத்தை விவரிக்கப் பத்திரிகை தர்மம் இடம் தராது. பதினைந்து, இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். அதற்குள் முட்டை ஆறிவிடுமே என்று மேனேஜர் கம்பளியோடு ஓடினார். அவ்வளவு நேரம் ஆறுவதால் கருவுக்கு ஒன்றும் ஆகாது. கோழி இறங்க மறுத்துக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது மெல்லத் தூக்கித் தீனிக்கு முன் விட வேண்டும், தூக்கும்போது இறக்கைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

அடுத்து வெப்பமானி வந்தது. பொரிப்பான் இயந்திரத்தில் 37.5 டிகிரி செல்சியஸ் வைக்கிறார்கள், கோழி எத்தனை வைக்கிறது என்று தணிக்கை செய்ய அவர் விரும்பினார். கோழி தணிக்கையாளரின் புறங்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. அது தன் நெஞ்சில் உள்ள இறகை உதிர்த்துவிட்டு வெறுந்தோலை முட்டைமேல் பதித்து உட்கார்ந்திருக்கிறது, ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடு முட்டையை ஓரத்துக்கும் நாள் முழுக்க அலகால் உருட்டிக்கொண்டிருக்கிறது. கோழி இல்லாமலே இதைச் சாதித்த மனிதர் ஒருவரைப் பற்றி அரிஸ்டாட்டில் ஒரு கதை சொல்கிறார். சிரக்கூஸ் நகரத்துக் குடிகாரர் ஒருவர் தன் பாய்க்கு அடியில் முட்டைகளை வைத்து, அவை பொரிக்கும் வரை எழுந்திருக்காமல் குடித்தாராம். மேனேஜரின் மனைவிக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் இரவு முட்டைகளை வெளிச்சத்தில் பார்க்கலாம். செல்பேசி விளக்கின்மேல் முட்டையை வைத்தால், கரு உள்ளதில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வடிவில் பரவியிருக்கும், கரு இல்லாதது தெளிவாக இருக்கும். அடைமுட்டைகளை நாள் வரிசையில் உடைத்துப் பார்த்த அரிஸ்டாட்டில், மூன்றாம் நாளே இதயம் ஓர் இரத்தப் புள்ளியாகத் துடிப்பதை எழுதி வைத்திருக்கிறார். பதினொன்றில் இரண்டு தெளிவாக இருந்தன. அவற்றை எடுத்துவிட வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால், அழுகிய முட்டை ஒருநாள் கூட்டுக்குள் வெடிக்கும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடவே கூடாது. குஞ்சு ஓட்டுக்குள் தன் இடத்தைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. இருபதாம் நாள் முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வரும், கோழி தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். பேச்சுவார்த்தை முடிந்து ஓட்டில் ஒரு விரிசல் விழும். மேனேஜருக்குத் தாங்க முடியாத கட்டம் இதுதான். விரிசல் விழுந்து அரை நாள் ஆகிறது, குஞ்சு வெளியே வரவில்லை. ஓட்டைக் கொஞ்சம் உரித்துவிட்டால் அதற்கும் சுலபம், நமக்கும் நிம்மதி என்று நகத்தை நீட்டினார். தாயார் அந்தக் கையில் ஓர் அடி கொடுத்தார். அறுபது வயதில் தாயிடம் அடி வாங்குவது ஒரு கொடுப்பினை.

அந்த அடி ஒரு குஞ்சைக் காப்பாற்றியது. முதல் விரிசலுக்கும் வெளியேறுவதற்கும் இடையே ஒரு பகலும் இரவும் ஆகலாம். குஞ்சு அப்போது சும்மா இருப்பதில்லை. ஓட்டின் உட்சவ்வில் ஓடும் இரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. அதற்குமுன் உரித்தால் இரத்தம் கசியும். உள்ளே வாங்கிய மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்கான கட்டுச்சோறு. முதலில் வந்த குஞ்சு பட்டினி கிடக்கிறதே என்று பதற வேண்டாம், கடைசிக் குஞ்சு வரும் வரை அதனால் தாங்க முடியும். அமெரிக்காவில் 1918 முதல் ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்புவது இந்தக் கட்டுச்சோற்றை நம்பித்தான்.

எட்டு பொரித்தன. ஒன்று ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தது, அது வழக்கந்தான். பாராட்டைப் பங்கிட்டபோது தாயார் ஆணிக்கு என்றார், மேனேஜர் பதிவேட்டுக்கு என்றார், பக்கத்து வீட்டுக்காரர் தன் ராசியான வைக்கோலுக்கு என்றார். மூன்று வாரத்தில் பாதியாக இளைத்துப்போன கோழி குறுணையைக் கொத்திக்கொண்டிருந்தது.

பிறகு மனிதனுக்கு மறுபடி வேலை வந்தது. தட்டில் தண்ணீர் வைத்து, குஞ்சு முழுகாமல் இருக்க அதில் கூழாங்கற்கள் போட வேண்டும். கறையான் புற்றைத் தட்டிக் கொண்டுவந்து போட்டால் குஞ்சுகளுக்கு அதைவிட விருந்து இல்லை. முதல் வாரத்துக்குள் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணில் விட வேண்டும். இதைத் தவறவிடும் வீடுகளில் மற்ற சிரமமெல்லாம் வீண். பருந்துக்குப் பஞ்சாரம் இருக்கிறது, பஞ்சாரத்துக்கு வெளியே தாய் இருக்கிறது. வானத்து எதிரிக்கு ஒரு குரலும் தரையில் வரும் பூனைக்கு வேறொரு குரலும் கொடுக்கக் கோழிக்குத் தெரியும்.

வெற்றி மேனேஜரின் தலைக்கேறியது. தை மாதம் அதே கோழி மறுபடி அடைக்கு வந்தபோது ஏழு வாத்து முட்டைகளை வாங்கி வைத்தார். வாத்துக்கு 28 நாள். கோழியிடம் நாட்காட்டி இல்லை. கீச்சுச் சத்தம் கேட்கும் வரை உட்காருவது அதன் வழக்கம், அப்படியே ஒரு வாரம் கூடுதலாக உட்கார்ந்து ஐந்து குஞ்சுகளைப் பொரித்தது. தட்டை அலகைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போன அன்றுதான் குடும்பத்தில் பிளவு வந்தது. ஐந்தும் நேராகத் தண்ணீருக்குள் இறங்கின. கோழி கரையில் மேலும் கீழும் ஓடி ஊரைக் கூட்டியது. மேனேஜரும் கூடவே ஓடினார்.

“அதுக்குத் தெரியாது, கத்துது” என்றார் தாயார். “நீ எதுக்குடா வேட்டியத் தூக்கிக் கட்டுற?”