அப்கிரேடு ஆசாமி

அப்கிரேடு ஆசாமியைப் பார்க்க மைதானத்துக்குப் போய்ப் பயனில்லை. அங்கே அவர் இருக்க மாட்டார். வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதியை ஆக்கிரமித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒன்றரை மில்லிமீட்டர் ஆலன் கீயால் கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருப்பார். எதிரே பேட்டரியில் ஓடும் சின்ன ரிமோட் ஹெலிகாப்டர், அறுவை சிகிச்சை முடியாத நோயாளியாகக் கிடக்கும். "எப்போது பறக்கும்?" என்று கேளுங்கள். "டெயில் சர்வோ வர வேண்டியிருக்கிறது" என்பார். போன மாதம் கேட்டபோது கைரோ வர வேண்டியிருந்தது. என் கட்சி இதுதான்: இவர் பறக்கவிடுவதற்காக ஹெலிகாப்டரை மேம்படுத்தவில்லை, பறக்கவிடாமல் தப்பிப்பதற்காக மேம்படுத்துகிறார்.

பொல்லாத குற்றச்சாட்டுதான். முதல் சாட்சி அவருடைய பேட்டரிகளே. லிப்போ பேட்டரியில் ஒரு செல் முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட் காட்டும். நாள்கணக்கில் சும்மா வைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும்; நிறைத்து வைத்தால் நாளடைவில் உப்பிக் கெட்டுப்போகும். இந்த விதியை ஆசாமி அளவுக்குப் பக்தியோடு கடைப்பிடிப்பவர் உலகில் இல்லை. அவர் வீட்டுப் பேட்டரியை எந்தக் கிழமை அளந்தாலும் 3.8தான். பறக்கவிடுபவர் வீட்டிலோ ஒன்று நிறைந்திருக்கும், ஒன்று காலியாக இருக்கும், ஒன்று உப்பியிருக்கும்.

இரண்டாவது சாட்சி, பாகங்கள் வாங்கப்பட்ட வரிசை. ஹெலிகாப்டர் ஒருமுறை விழுகிறது. மேலே பிளேடுகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தலை உடைகிறது. மலிவான பிளாஸ்டிக் உடைந்து மற்றதைக் காப்பாற்றியதே என்று மகிழாமல், ஆசாமி அலுமினியத் தலை வாங்குகிறார். அடுத்த வீழ்ச்சியில் அலுமினியம் உடையாது. அடி அப்படியே கீழே இறங்கி மெயின் ஷாஃப்டை வளைத்து, கியரின் பல்லைப் பெயர்க்கும். போதாததற்கு அலுமினியம் கனம், கனத்தைத் தூக்கி மோட்டார் சுடுகிறது. ஆகவே பிரஷ்லெஸ் மோட்டார். புது மோட்டாரின் முறுக்குக்கு உடம்பு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கிறது, பழைய வாலால் தாங்க முடியவில்லை. ஆகவே வாலைக் கட்டுப்படுத்தும் புது கைரோ, புது சர்வோ. மோட்டார் கேட்கும் மின்சாரத்துக்குப் பெரிய ஸ்பீடு கண்ட்ரோலர், அதற்கேற்ற பேட்டரி, பேட்டரிக்கேற்ற சார்ஜர், சார்ஜருக்கேற்ற பவர் சப்ளை. புடவைக்கு ஜாக்கெட், ஜாக்கெட்டுக்கு வளையல், வளையலுக்குச் செருப்பு என்று போகும் தீபாவளி ஜவுளிக் கணக்குதான் இது. ஆனால் ஜவுளி எடுத்தவர்கள் தீபாவளியன்று உடுத்திவிடுவார்கள். முடிவில் பழைய ஹெலிகாப்டரில் மிஞ்சுவது முன்கூடும் அதில் ஒட்டிய ஸ்டிக்கரும்தான்.

முதலில் ஏன் விழுந்தது? மூக்கு தன் பக்கம் திரும்பியதும் அவருக்கு இடம் வலம் தெரியாமல் போனதால். வால் நம்மைப் பார்த்திருக்கும்வரை ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ஹெலிகாப்டரும் நமக்கு வலப்பக்கம் நகரும்; மூக்கு நம்மைப் பார்த்தால் அதே தள்ளலுக்கு நம் இடப்பக்கம் நகரும். இந்தத் தலைகீழ்ப் பாடத்தைக் கட்டைவிரல் கற்க வாரக்கணக்கில் ஆகும். அதற்கு அலுமினியத்தில் மாற்றுப் பாகம் கிடையாது.

"இந்தப் பொழுதுபோக்கின் வரலாறே மேம்பாடுதானே?" என்று ஆசாமி எதிர்வாதம் செய்வார். வாதம் சரி. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் சொன்னபடி கேட்கும் ரிமோட் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டபோது அது எரிபொருள் எஞ்சினில் ஓடியது. பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போவும் வந்திராவிட்டால் 2000களில் தைவானின் அலைன் கம்பெனி விற்ற டி-ரெக்ஸ் 450 போன்ற மின்சார ஹெலிகாப்டர்கள் இவ்வளவு பரவியிருக்காது. ஆனால் இவற்றை உருவாக்கியவர்கள் ஒன்றை மாற்றிப் பறக்கவிட்டார்கள், பார்த்தார்கள், அடுத்ததை மாற்றினார்கள். ஆசாமி ஆறு பாகங்களை ஒரே இரவில் மாற்றுகிறார். எது உதவியது, எது கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. கட்டைவிரலின் சுமையை உண்மையிலேயே குறைக்கும் அப்கிரேடு ஒன்று வந்துவிட்டது: ஸ்டிக்கை விட்டால் ஹெலிகாப்டர் தானே நிமிர்ந்துகொள்ளும் கட்டுப்பாட்டுப் பலகை. ஆசாமி அதையும் வாங்கிவிட்டார். வாங்கி, அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறார். அது குழந்தைகளுக்காம்.

ஆபத்தான பொருள், ஆயத்தம் வேண்டாமா என்பது இன்னொரு வாதம். 450 வகையில் சுழலும் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர்; நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் பிளேடின் நுனி மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் போகும். விரல் நீட்டக் கூடாத வேகம். ஆனால் அதற்குரிய ஆயத்தம் ஆளில்லாத திடல், தள்ளி நிற்கும் பழக்கம், கவிழாமலிருக்கக் கால்களில் கட்டும் பந்து வைத்த குறுக்குக் குச்சிகள், கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் பயிற்சி. சிமுலேட்டரில் எத்தனை முறை விழுந்தாலும் காலணா செலவில்லை. ஆசாமி அதையும் வாங்கினார். மறுநாளே கிராஃபிக்ஸ் கார்டு போதவில்லை என்று கண்டுபிடித்தார்.

கழற்றி மாட்டுவதே ஒருவருக்கு இன்பம் என்றால் உனக்கென்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை, ஒப்புக்கொள்கிறேன். வீணையைத் துடைத்து மட்டும் வைப்பவரோடு யாரும் வழக்காடுவதில்லை. ஆசாமி "இன்றைக்குக் காற்று அதிகம்" என்று சொல்லாமலிருந்தால் போதும். வெளியே வேப்பிலைகூட அசையவில்லை.

அவரால் ஊருக்கு ஒரு நன்மையும் உண்டு. ஆறேழு மாதத்தில் இதைவிடப் பெரிய ஹெலிகாப்டரில் அவர் மனம் போய்விடும், பழையது விலைக்கு வரும். பயன்படுத்திய ஹெலிகாப்டர் வாங்க நினைப்பவர்கள் வேறெங்கும் அலைய வேண்டாம், அவரிடமே வாங்குங்கள். உயர்ந்த பாகங்கள், பறந்த நேரம் மிகக் குறைவு. மெயின் ஷாஃப்டை மட்டும் கழற்றி, கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள்.