ஆமைக்குப் பாடம் வேண்டாம்

கேள்வி: கோஸ்டா ரிகா போய் ஆமைகளைக் காப்பது பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் தன்னார்வலராக ஆசை. என்ன தயாரிப்பு வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் ஸ்பானிஷ் படியுங்கள். ஆமைக்கு எந்த மொழியில் பேசினாலும் கவலையில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதன் மொழியில் சொன்னால்தான் ஏறும்.

நீங்கள் நினைப்பது டோர்ட்டுகேரோ கடற்கரை என்றால், அங்கே போகும் ஆசிரியர்தான் முதல் மாணவர். 1950-களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் பச்சை ஆமைகளை ஆராயத் தொடங்கிய இடம் அது. 1975-இல் தேசியப் பூங்கா ஆனது. முன்பு இறைச்சிக்கும் முட்டைக்கும் ஆமையை நம்பியிருந்த ஊர், இன்று அதைப் பார்க்க வருபவர்களால் பிழைக்கிறது. எந்த மணலில் ஆமை ஏறும் என்பது உள்ளூர் வழிகாட்டிகளுக்கு அத்துப்படி. அவர்களிடம் கேட்டுக்கொண்டு பிறகு பேசுங்கள். வகுப்பில் சொல்ல ஓர் உதாரணம்: ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடுபவை. வீதி விளக்கு அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். ஒரு வகுப்புக்கு இந்த ஒரு செய்தியே போதும், பிள்ளைகள் வீட்டு விளக்கை அணைக்கச் சொல்லி அப்பாவை நச்சரிப்பார்கள்!

பணத்தைப் பற்றி: செலவை ஏற்கும் அமெரிக்க அரசுத் தன்னார்வத் திட்டமான, 1961-இல் தொடங்கிய பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. மற்ற பல திட்டங்களில் தங்குமிடம், சாப்பாட்டுக்கு நாம்தான் கட்ட வேண்டும். கட்டும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்; மழுப்பினால் விலகுங்கள்.

கோஸ்டா ரிகா போகுமுன் சென்னைக்கு வாருங்கள். 1988 முதல் இங்கே மாணவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காக்கிறார்கள். ஜனவரியில் அவர்களோடு நடந்து பாருங்கள்.